உழைப்பும் உடம்பின் நார்களும்

திருவாரூர் ஆழித் தேரின் வடத்தை அருகில் நின்று பார்த்தவர்களுக்கு அதன் அமைப்பு தெரிந்திருக்கும். தனி நார் ஒன்றைச் சிறு குழந்தையும் அறுத்துவிடும். அத்தகைய நார்கள் பல கூடிப் புரியாகின்றன. புரிகள் முறுக்குண்டு கயிறாகின்றன. கயிறுகள் சேர்ந்து பெரிய வடமாகின்றன. பெருங்கூட்டம் ஒன்றாய் இழுக்கும் இழுப்பை அவ்வடம் தாங்கிக்கொள்கிறது. ஆயினும் ஒவ்வொரு தேரோட்டத்திலும் அதன் நார்களுள் சில அறுபடவே செய்கின்றன. ஆண்டுகள் சில சென்றால் புதிய வடம் வேண்டியிருக்கிறது. வண்டியின் அச்சு, ஏரின் கொழு, படகின் துடுப்பு ஆகிய எல்லாவற்றின் கதையும் இதுவே. பயன்படப் பயன்படத் தேய்வது உயிரற்ற பொருள்களின் இயல்பு.

நம் உடம்பினுள்ளும் கயிறுகள் இருக்கின்றன. குதிகாலுக்குச் சற்று மேலே, காலின் பின்புறத்தை இரு விரல்களால் பிடித்துப் பாருங்கள். விறைப்பான தடித்த நாண் ஒன்று கைக்கு அகப்படும். கெண்டைக்கால் தசையைக் குதிகால் எலும்போடு கட்டி வைத்திருக்கும் நாண் அது. நாம் ஓடும்போதும் குதிக்கும்போதும் நம் உடலின் எடையைப்போலப் பல மடங்கு இழுவிசை அதன்மேல் விழுகிறது. தேர்வடத்துக்கு ஆண்டில் சில நாட்களே வேலை. இந்த நாணுக்கோ நாள்தோறும் ஆயிரக்கணக்கான முறை வேலை. அப்படியிருந்தும் ஐம்பது அறுபது ஆண்டுகள் அது உழைக்கிறது. முறையாக உழைக்கும் மனிதனிடத்தில் அது தேய்வதற்கு மாறாக உரமும் பெறுகிறது. உயிருள்ள கயிற்றுக்கும் உயிரற்ற கயிற்றுக்கும் இடையே உள்ள இந்த வேறுபாடு எவ்வாறு ஏற்படுகிறது? அதைத்தான் இன்று சிறிது விரிவாகப் பார்க்கப் போகிறோம்.

உடம்பின் உறுப்புகளை ஒன்றோடொன்று பிணைத்தும், தாங்கியும், போர்த்தியும் நிற்கும் திசுக்களை இணைப்புத் திசுக்கள் என்று உடலியலார் வழங்குவர். தசையை எலும்போடு கட்டுவது தசைநாண். எலும்பை எலும்போடு கட்டி மூட்டு நழுவாமல் காப்பது பிணைநார். எலும்பின் முனைகளில் வழுவழுப்பாகப் படிந்திருப்பது குருத்தெலும்பு. தசைகளைச் சுற்றியுள்ள மெல்லிய உறைகளும் இக்குடும்பத்தைச் சேர்ந்தவையே. எலும்பும் இவற்றுக்கு உறவினன் என்று அறிந்தால் சிலர் வியப்படையக்கூடும். தோற்றத்தில் வேறுபட்டாலும் இவை யாவற்றுக்கும் அடிப்படையான பொருள் ஒன்றே. கொலாஜன் என்னும் புரதம் அது. நம் உடம்பிலுள்ள புரதம் முழுவதிலும் ஏறத்தாழக் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை கொலாஜன்தான்.

இக்கொலாஜன் நமக்குப் புதியது அன்று. மிருதங்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தட்டும் தோலும், அதை இழுத்துக் கட்டிய எருமைத்தோல் வாரும் பெரும்பாலும் கொலாஜனால் ஆனவை. தஞ்சைப் பகுதியில் மிருதங்கம் செய்வோர், வாரை எவ்வளவு இழுத்தால் சுருதி சேரும், எவ்வளவு இழுத்தால் வார் தளரும் என்பதைக் கைப்பழக்கத்தால் அறிவர். அந்த வார் இறந்த கொலாஜன். ஆகையால் இழுக்க இழுக்கத் தளர்கிறது. மீண்டும் இழுத்துக் கட்டவேண்டியிருக்கிறது. அதே பொருள் உயிருள்ள காலில் இருக்கும்போது தன்னைத் தானே இழுத்துக் கட்டிக்கொள்கிறது.

கொலாஜனின் உள்ளமைப்பை உலகுக்கு எடுத்துரைத்த பெருமை தமிழகத்துக்கு உண்டு. அந்த வரலாற்றைச் சொல்லாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறைக்கு 1952ஆம் ஆண்டில் தலைமை ஏற்றவர் ஜி. என். இராமச்சந்திரன். அப்போது அவருக்கு வயது முப்பது. ஆங்கில அறிஞர் பெர்னால் சென்னைக்கு வந்திருந்தபோது, கொலாஜனின் அமைப்பு இன்னும் தெளிவாகவில்லை என்பதைச் சுட்டி அவரைத் தூண்டினார். பல்கலைக்கழக வளாகத்துக்கு அண்மையிலேயே 1948ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் இருந்தது. தோல் என்றாலே கொலாஜன் அன்றோ! இராமச்சந்திரனும் அவருடன் உழைத்த கோபிநாத் கர்த்தாவும் கங்காருவின் வால் நாணிலிருந்து கிடைத்த கொலாஜனை எக்ஸ் கதிர்களால் ஆராய்ந்தனர். அந்த நாணில் மூலக்கூறுகள் ஒழுங்காக அடுக்கப்பட்டிருந்தமையால் படங்கள் தெளிவாக விழுந்தன. 1954ஆம் ஆண்டில் ‘நேச்சர்’ என்னும் இதழில் தங்கள் முடிவை வெளியிட்டனர்: கொலாஜன் மூலக்கூறு என்பது மூன்று இழைகள் சேர்ந்து அமைந்த சுருள். மறு ஆண்டிலேயே, அம்மூன்று இழைகளும் ஒன்றையொன்று சுற்றிப் பின்னிக் கிடக்கின்றன என்று தம் கருத்தைத் திருத்தமுறச் செய்தனர். இங்கிலாந்தில் கிரிக், ரிச் என்னும் அறிஞர்கள் நுண்ணிய விவரங்களில் மாறுபட்டு வாதிட்டார்கள். சில திருத்தங்களும் செய்தார்கள். ஆனால் முப்புரிச் சுருள் என்னும் அடிப்படை நிலைத்துவிட்டது. நம் ஊர்க் கயிறு திரிப்போர் வழிவழியாகக் கண்டறிந்த முப்புரி முறையையே இயற்கை அதற்கு எத்தனையோ கோடி ஆண்டுகளுக்கு முன்னரே கையாண்டிருக்கிறது.

அந்த இழையின் நுட்பம் ஒன்றையும் இங்கே குறிக்கவேண்டும். ஒவ்வோர் இழையும் ஏறத்தாழ ஆயிரம் அமினோ அமிலங்கள் கோத்த மாலை. அம்மாலையில் ஒவ்வொரு மூன்றாம் மணியும் கிளைசின் என்னும் மிகச் சிறிய அமினோ அமிலமாகவே இருக்கும். மூன்று இழைகளும் நெருங்கிச் சுற்றும் நடுவிடத்தில் அதைவிடப் பெரிய மணிக்கு இடமில்லை. முறுக்குண்ட மூலக்கூறின் அளவோ கற்பனைக்கு எட்டாதது. ஒரு மில்லிமீட்டரைப் பத்து இலட்சம் கூறாக்கினால், அவற்றுள் 300 கூறு நீளமும் ஒன்றரைக் கூறு பருமனும் உடையது அது. இத்தகைய மூலக்கூறுகள் ஒன்றையொன்று சிறிது கடந்து, செங்கல் வரிசைபோல அடுக்கப்பட்டு, பக்கங்களில் குறுக்குப் பிணைப்புகளால் இறுகி நுண்ணிழையாகின்றன. நுண்ணிழைகள் சேர்ந்து இழை. இழைகள் சேர்ந்து கற்றை. கற்றைகள் சேர்ந்து தசைநாண். தேர்வடத்தின் கதையே தான்.

ஆனால் தேர்வடத்தில் இல்லாத ஒன்று இங்கே இருக்கிறது. கொலாஜன் இழைகளுக்கு இடையே, வரிசை வரிசையாக, நீண்டு மெலிந்த உயிரணுக்கள் குடியிருக்கின்றன. வடத்தின் புரிகளுக்கிடையே கயிறு திரிப்பவன் ஒருவன் ஓயாது அமர்ந்திருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். நாண் இழுபடும்போது இவ்வுயிரணுக்களும் இழுபடுகின்றன. அணுவின் மேலுறையில் நின்று புறத்தேயுள்ள இழைகளைப் பற்றிக்கொண்டிருக்கும் புரதங்கள் அந்த இழுப்பை உள்ளே தெரிவிக்கின்றன. செய்தி அணுவின் உட்கருவை எட்டியதும் புதிய கொலாஜன் செய்யும் வேலை தொடங்குகிறது. இழுப்பு இல்லையேல் செய்தி இல்லை. செய்தி இல்லையேல் வேலையும் மந்தமாகிவிடும்.

இவ்வேலை உடனே முடிந்துவிடுவதில்லை. கடுமையான பயிற்சிக்குப் பின் மனிதரின் தசைநாண்களில் என்ன நிகழ்கிறது என்பதை டென்மார்க் நாட்டு ஆய்வாளர்கள் இந்நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் அளந்து பார்த்தனர். பயிற்சி முடிந்து ஏறத்தாழ 24 மணி நேரம் கழித்தே கொலாஜன் உற்பத்தி உச்சம் அடைந்தது. மூன்றாம் நாளிலும் அது முற்றும் தணியவில்லை. இதற்கு மற்றொரு பக்கமும் உண்டு. பயிற்சியினால் பழைய கொலாஜன் சிதைவதும் மிகுகிறது. முதல் ஒரு நாள், ஒன்றரை நாள் வரையில் சிதைவே மேலோங்கி நிற்கிறது. அதன் பின்னரே ஆக்கம் முந்துகிறது. ஆகவே, இன்று கடுமையாக ஓடியவன் நாளைக் காலையில் முன்னினும் சிறிது தளர்ந்த நாணோடுதான் எழுகிறான். நாளையும், நாளை மறுநாளும் அவ்வாறே கடுமையாக ஓடுவானாயின் சிதைவின் கணக்கு ஏறிக்கொண்டே போகும்; ஆக்கத்தின் கணக்கு அதை எட்டிப் பிடிக்காது. ஓய்வு நாள் என்பது சோம்பலுக்கு விட்ட நாள் அன்று. கயிறு திரிப்பவனுக்கு விட்ட நாள்.

இவ்விடத்தில் நம் தஞ்சை மண்ணின் பயிற்சி முறை ஒன்றை நினைவுகூர்வது பொருத்தமாகும். இரண்டாம் சரபோசி மன்னர் 1798 முதல் 1832 வரை ஆண்ட காலத்தில் தஞ்சை அரசவையோடு தொடர்புற்றிருந்த சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்னும் நால்வர் பரதநாட்டியப் பயிற்சியை ஒரு வரன்முறைக்குள் கொண்டுவந்தனர். அவர்கள் மரபில் வந்தவர் பந்தணைநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை. அவரிடம் பயின்ற உருக்மிணி தேவி 1935ஆம் ஆண்டில் அரங்கேறியதும், மறு ஆண்டில் கலாக்ஷேத்திரம் தோன்றியதும் கலை வரலாற்றில் இடம்பெற்ற செய்திகள். இங்கே நாம் நோக்குவது கலையை அன்று, பயிற்சியை.

நாட்டியம் கற்கும் சிறுமி முதலில் அரைமண்டியில் நிற்கப் பழகுகிறாள். முழங்கால்கள் பக்கவாட்டில் விரிய, உடல் நிமிர்ந்திருக்க, பாதி அமர்ந்த நிலை அது. முழங்கால் சிப்பிக்கு மேலும் கீழும் உள்ள தசைநாண்கள் அப்போது அசைவின்றி நெடுநேரம் பாரம் தாங்குகின்றன. அடுத்து வருவது தட்டடவு. நட்டுவனாரின் தட்டுக்கழி ஒலிக்கு ஏற்பப் பாதம் தரையைத் தட்டுகிறது. எந்த அடவானாலும் முதலில் விளம்ப காலத்தில், அதாவது மெதுவான நடையில், செய்யவேண்டும். அதன் பின்னரே இரட்டித்த வேகம். அதுவும் கைவந்த பின்னரே அதனிலும் இரட்டித்த வேகம். தட்டடவு தேறாமல் நாட்டடவுக்குப் போக முடியாது. அடவுகள் தேறாமல் அலாரிப்பு இல்லை. அரங்கேற்றத்துக்கு ஆண்டுகள் பல ஆகும். தாளமும் அழகும் கருதியே ஆசிரியர்கள் இவ்வாறு வகுத்தனர் என்பதில் ஐயமில்லை. கொலாஜனைப்பற்றி அவர்கள் கேள்விப்பட்டதில்லை. ஆனால் பாரத்தைச் சிறிது சிறிதாக ஏற்றுதல், வேகத்தைப் பின்னர்ச் சேர்த்தல், ஆண்டுக்கணக்கில் பொறுத்திருத்தல் ஆகிய மூன்றும் இன்றைய உடற்பயிற்சி அறிவியலார் தசைநாணுக்கு உகந்தவை என்று சொல்பவற்றோடு நன்றாகப் பொருந்துகின்றன. நாண் வலியால் துன்புறும் விளையாட்டு வீரர்களுக்கு, அசையாமல் நின்று பாரம் தாங்கும் பயிற்சியை இன்று சிகிச்சையின் ஒரு பகுதியாகவே கொடுக்கிறார்கள்.

ஒன்றை மட்டும் சொல்லத் தோன்றுகிறது. மண்ணை மெழுகிய பழைய தரை சற்றே இளகிக் கொடுக்கும். இன்று பல இடங்களில் பிள்ளைகள் சிமெண்டுத் தளத்தின் மீதோ, அதன்மேல் ஒட்டிய பளிங்குக் கல்லின் மீதோ வெறுங்காலோடு தட்டுகிறார்கள். அத்தரை இம்மியும் இளகாது. அதிர்ச்சி முழுவதையும் குதிகாலும் கணுக்காலும் முழங்காலுமே வாங்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஆசிரியரின் முறை பழையதாக இருந்து தரை மட்டும் புதிதாகிவிட்டால், முறையின் பயனில் ஒரு பங்கு குறைந்துவிடும்.

சிறு வயதிலேயே தொடங்கவேண்டும் என்னும் பழைய வழக்கத்துக்கும் அண்மையில் ஒரு விளக்கம் கிடைத்திருக்கிறது. அது கிடைத்த விதம் விந்தையானது. வல்லரசுகள் 1955 முதல் 1963 வரை வானவெளியில் அணுகுண்டுகளை வெடித்துச் சோதனை செய்தன. அதனால் காற்றில் கார்பன் 14 என்னும் கதிரியக்கக் கார்பனின் அளவு ஏறத்தாழ இருமடங்காயிற்று. 1963ஆம் ஆண்டு உடன்படிக்கைக்குப் பின் அது சிறிது சிறிதாகக் குறைந்து வந்தது. காற்றிலிருந்து பயிருக்கும், பயிரிலிருந்து சோற்றுக்கும், சோற்றிலிருந்து உடலுக்கும் அக்கார்பன் வந்தது. ஆகவே உடம்பின் ஒரு பகுதியில் கார்பன் 14 எவ்வளவு இருக்கிறது என்று அளந்தால், அப்பகுதி எந்த ஆண்டில் உருவாயிற்று என்று கணிக்கலாம். டென்மார்க் ஆய்வாளர்கள் இவ்வழியில் குதிகால் நாணை ஆராய்ந்து 2013ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். நாணின் நடுப்பகுதியில் உள்ள கொலாஜன், அந்த மனிதர் ஏறத்தாழப் பதினேழு வயதை அடைவதற்குள் உருவானதாகவே இருந்தது. அதன் பின் அப்பகுதி புதுப்பிக்கப்பட்டதற்கு அடையாளம் மிகக் குறைவு. அறுபது வயது மனிதர் தம் பள்ளிப் பருவத்தில் திரித்த வடத்தை வைத்துக்கொண்டே நடமாடுகிறார் என்பது இதன் பொருள்.

மாணவர்களே, இச்செய்தி உங்களுக்கு மற்ற எவரையும்விட நெருக்கமானது. பள்ளியில் பயில்வோரின் வடம் இப்போதுதான் திரிக்கப்பட்டுக்கொண்டிருக்கிறது. விளையாட்டுப் பாடவேளையைக் கணக்குப் பாடத்துக்குக் கொடுத்துவிடும் வழக்கம் நம் பள்ளிகளில் உண்டு. கணக்கைப் பின்னரும் கற்கலாம். நாணின் நடுப்பகுதியைப் பின்னர்த் திரிக்க இயலாது.

அப்படியானால் கல்லூரியில் பயில்வோருக்கும் அவர்களுக்கு மூத்தோருக்கும் வழியே இல்லையா? இருக்கிறது. வளர்ந்தவர்களின் நாணும் பயிற்சிக்கு இணங்குகிறது. பூப்பந்தாட்டத்திலும் வாள்வீச்சிலும் ஒரே காலை முன்வைத்துப் பாயும் வீரர்களை ஆராய்ந்தபோது, பாயும் காலின் முழங்கால் நாண் மற்றக் காலின் நாணைவிடத் தடித்திருந்தது. உடம்பு ஒன்று, உணவு ஒன்று, பரம்பரை ஒன்று. வேறுபட்டது உழைப்பு மட்டுமே. நாண் தடிப்பதற்கு முன்பே அதன் விறைப்பும் பயிற்சியினால் மிகுகிறது. ஆனால் இம்மாறுதல்கள் தசையின் வேகத்தில் நிகழ்வதில்லை.

அந்த வேக வேறுபாட்டை நன்கு உணர்ந்துகொள்ள வேண்டும். பயிற்சி தொடங்கிய சில வாரங்களிலேயே தசை வலுக்கிறது. தசைக்கு இரத்த ஓட்டம் மிகுதி. அதன் சிவப்பு நிறமே அதற்குச் சான்று. தசைநாணோ வெளிர் நிறமுடையது; இரத்தக் குழாய்கள் குறைவு; உயிரணுக்களும் குறைவு. ஜப்பானில் இளைஞர்களை மூன்று மாதம் முழங்கால் பயிற்சி செய்யவைத்து மாதந்தோறும் அளந்து பார்த்தார்கள். இரண்டாம் மாதத்திலேயே தசையின் வலிமை மிகுந்துவிட்டது. நாணின் விறைப்பு மூன்றாம் மாதத்தில்தான் மாறியது. இடைப்பட்ட காலத்தில் நிலைமை என்ன? புதிய காளைகளைப் பழைய நுகக்கயிற்றில் பூட்டியதுபோல, வலுத்த தசை பழைய நாணைப் பற்றி இழுக்கிறது. ‘இப்போது நன்றாக ஓட வருகிறதே’ என்று இளைஞன் மகிழ்ந்து தூரத்தைக் கூட்டும் காலமும் அதுவே.

காவிரிப் பாசனப் பகுதியில் எந்த ஊருக்குச் சென்றாலும், காவலர் தேர்வுக்கும் இராணுவத் தேர்வுக்கும் விடியற்காலையில் ஆயத்தம் செய்யும் இளைஞர்களைக் காணலாம். ஆற்றங்கரை மண்ணிலும், தார்ச் சாலையிலும், பள்ளி மைதானத்திலும் அவர்கள் ஓடுகிறார்கள். எழுத்துத் தேர்வுக்காக ஓராண்டு நாற்காலியில் அமர்ந்து படித்தவன், உடற்தகுதித் தேர்வுக்கு ஒரே மாதம் இருக்கும்போது ஓடத் தொடங்குகிறான். மூன்றாம் வாரத்தில் முன்னங்கால் எலும்பில் வலி எடுக்கிறது. அல்லது குதிகால் நாண் காலையில் எழும்போது விறைத்து நோகிறது. சிலர் வலியைப் பொருட்படுத்தாமல் ஓடி, தேர்வு நாளன்று நொண்டுகிறார்கள். ஓராண்டுப் படிப்பு ஒரு நாணில் தங்கிப்போகிறது. படிக்கத் தொடங்கிய அன்றே, வாரத்துக்கு மூன்று நாளாவது மெதுவோட்டத்தையும் தொடங்கியிருந்தால் இத்துன்பத்தைப் பெரும்பாலும் தவிர்த்திருக்கலாம்.

எலும்பின் நிலையும் இத்தகையதே. தன்மேல் விழும் பாரத்துக்கு ஏற்ப எலும்பு தன் உள்ளமைப்பை மாற்றிக்கொள்கிறது என்று ஜெர்மானிய மருத்துவர் ஜூலியஸ் வுல்ஃப் 1892ஆம் ஆண்டிலேயே நூல் எழுதினார். ஆனால் புதிய எலும்பைக் கட்டுவதற்கு முன், பழையதை அரித்து அகற்றும் உயிரணுக்கள் வேலை செய்கின்றன. பழைய வீட்டைப் புதுப்பிப்பவர் முதலில் சுவரை இடிப்பதுபோல, சில வாரங்களுக்கு எலும்பு முன்னினும் நலிந்திருக்கும். அவ்வேளையில் பாரம் மிகுந்தால் மயிரிழை போன்ற முறிவு ஏற்படும். பிரஷ்யப் படையில் நெடுந்தூரம் நடந்த வீரர்களுக்குப் பாதம் வீங்கி நோவதை பிரைட்ஹாப்ட் என்னும் படை மருத்துவர் 1855ஆம் ஆண்டில் விவரித்தார். எக்ஸ் கதிர் கண்டறியப்படாத காலம் ஆகையால் காரணம் அவருக்குத் தெரியவில்லை. அது எலும்பின் நுண்முறிவே என்பது பின்னாளில் விளங்கிற்று.

குருத்தெலும்பைப் பற்றிச் சில சொற்கள். அதற்கு இரத்தக் குழாயே கிடையாது. நீரில் தோய்ந்த பஞ்சைப் பிழிந்து விடுவதுபோல, மூட்டில் பாரம் விழுந்து நீங்கும்போது அதன் நீர் வெளியேறி மீண்டும் உட்புகுகிறது. அந்த நீரோடுதான் உணவும் செல்கிறது. ஆகவே அசையாத மூட்டின் குருத்தெலும்பு பட்டினி கிடக்கிறது. ஆனால் ஒருமுறை கிழிந்தாலோ தேய்ந்தாலோ அது தன்னைச் சரிசெய்துகொள்ளும் ஆற்றல் மிகக் குறைவு.

இனி, நம் நாட்டுப்புறத்தில் பலர் எழுப்பும் வினா ஒன்று உண்டு. ‘வயலில் உழைப்பவர்களுக்கு உடற்பயிற்சி எதற்கு? அவர்களுடைய நார்கள் எல்லாம் உரமாகத்தானே இருக்கும்?’ இது பாதி உண்மை. மேட்டூர் அணை 1934ஆம் ஆண்டில் திறக்கப்பட்டதிலிருந்து, நீர் இருப்புள்ள ஆண்டுகளில் ஜூன் 12ஆம் நாள் பாசனத்துக்கு நீர் விடுவது மரபு. வாய்க்கால்களில் நீர் வந்ததும் குறுவை நடவு தொடங்கும். பின்னர்ச் சம்பா, தாளடி. சேறு நிறைந்த வயலில் பெண்கள் வரிசையாக நின்று, முழங்கால் வளையாமல் இடுப்பை வளைத்து, பின்னோக்கி நகர்ந்தபடி நாற்றுகளை நடுவார்கள். சேற்றிலிருந்து காலைப் பிடுங்கிப் பிடுங்கி வைப்பதால் கால்களின் தசைகளுக்கும் நாண்களுக்கும் நல்ல வேலை உண்டு. அவை உரம் பெறுகின்றன. ஆனால் முதுகின் நிலை வேறு. நாண்களையும் பிணைநார்களையும் வளர்ப்பது, இழுத்து விடும் பாரம். நடவிலோ இழுப்பு உண்டு, விடுவது இல்லை. முதுகெலும்பின் பின்புறத்துப் பிணைநார்கள் மணிக்கணக்காக இழுபட்ட நிலையிலேயே இருக்கின்றன. அவ்வாறு நெடுநேரம் இழுபட்ட நார் சிறிது நீண்டு தளர்ந்துவிடும். வேலை நின்றவுடன் அது பழைய நீளத்துக்குத் திரும்புவதில்லை; பல மணி நேரம் ஆகிறது. அதற்குள் வீட்டுக்கு வந்து தண்ணீர்க் குடத்தைத் தூக்கினால், தளர்ந்த நாரின்மேல் புதுப் பாரம் ஏறுகிறது.

கோடை முழுவதும் வேலையற்றிருந்து, நீர் வந்த மறுநாளே நாள் முழுவதும் குனிந்து நிற்கத் தொடங்குவதும் ஒரு கேடு. ஓட்டத் தேர்வுக்கு ஆயத்தமாகும் இளைஞனின் நிலையே இது. ஆனால் இங்கே தேர்வு அன்று, கூலி. ‘வயதாகிவிட்டது, இடுப்பு நோகிறது’ என்று சொல்லும் பாட்டிமார்களுள் பலருக்கு வயது மட்டும் காரணம் அன்று. அரைமணிக்கு ஒருமுறை நிமிர்ந்து, கைகளை இடுப்பில் ஊன்றிப் பின்னே சிறிது சாய்ந்து நிற்பதற்கு ஒரு நிமிடம் போதும். வேலை வாங்குவோர் அதைச் சோம்பல் என்று கருதாதிருக்கவேண்டும். இப்போது நடவு இயந்திரங்களும் அறுவடை இயந்திரங்களும் வயல்களில் பெருகிவருகின்றன. குனியும் துன்பம் குறைவது நன்மையே. ஆயினும் அந்த உழைப்பு போன இடத்தில் வேறொன்றும் வராமல், முன்னர் வயலில் நின்றவர்களின் பிள்ளைகள் நாள் முழுவதும் அமர்ந்தே இருப்பாராயின், நார்கள் மற்றொரு வழியில் நலியும்.

உழைப்பு அற்ற நார் எவ்வளவு விரைவாக நலிகிறது என்பதற்குச் சான்றுகள் பல. எலும்பு முறிந்து மாவுக்கட்டுப் போட்டவரின் கால் சில வாரங்களிலேயே மெலிந்து போவதை நாம் கண்டிருக்கிறோம். கண்ணுக்குத் தெரிவது தசையின் மெலிவு மட்டுமே. உள்ளே பிணைநார்களும் வலிமை இழக்கின்றன. சில வாரங்களில் இழந்ததைத் திரும்பப் பெற அவற்றுக்குப் பல மாதங்கள் பிடிக்கும். விண்வெளியில் எடையற்ற நிலையில் தங்குவோர், தக்க பயிற்சி செய்யாவிடில், இடுப்பெலும்பின் திண்மையில் மாதத்துக்கு ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்று முதல் ஒன்றரைப் பங்கு வரை இழக்கின்றனர். பாரம் என்னும் செய்தி நின்றுவிட்டால், கட்டுவோரும் வேலையை நிறுத்திவிடுகின்றனர்.

உணவைப்பற்றி மிகுதியாகச் சொல்லவேண்டியதில்லை. புரதம் தேவை என்பது வெளிப்படை. சோற்றின் அளவுக்குப் பருப்பும் மீனும் முட்டையும் நம் இலையில் இடம்பெறுவதில்லை என்பதும் வெளிப்படையே. பலர் அறியாதது வைட்டமின் சி-யின் பங்கு. கொலாஜனின் மூன்று இழைகளும் பிரியாமல் முறுக்குண்டு நிற்பதற்குச் சில மணிகளில் ஒரு சிறு மாறுதல் செய்யப்படவேண்டும். அம்மாறுதல் வைட்டமின் சி இல்லாமல் நடவாது. பழங்காலக் கப்பலோட்டிகளுக்கு ஈறு அழுகி, ஆறிய புண்ணும் மீண்டும் பிளந்த நோய்க்குக் காரணம் அதுவே. நம் ஊரில் நெல்லிக்காயும் கொய்யாவும் மலிவாகக் கிடைக்கும்போது இதற்கென மாத்திரை தேட வேண்டியதில்லை.

இறுதியாக, நாண் காயம்பட்டால் என்ன நிகழ்கிறது என்பதையும் அறிந்துகொள்வது நல்லது. அறுந்த இடத்தில் உயிரணுக்கள் விரைந்து கூடி, கைக்குக் கிடைத்தபடி புதிய கொலாஜனை அடைக்கின்றன. அது மெல்லியது, இழைகள் வைக்கோற்போர்போல எல்லாத் திசைகளிலும் கிடக்கும். வீக்கமும் வலியும் சில வாரங்களில் நீங்கிவிடுவதால், ‘ஆறிவிட்டது’ என்று நாம் எண்ணிவிடுகிறோம். உண்மையில் அப்போதுதான் இரண்டாம் வேலை தொடங்குகிறது. தாறுமாறாகக் கிடக்கும் இழைகள் அகற்றப்பட்டு, உறுதியான கொலாஜன் இழுவிசையின் திசை நோக்கி வரிசையாக இடப்படவேண்டும். எது இழுவிசையின் திசை என்பதை அவ்வுயிரணுக்களுக்கு அறிவிக்க ஒரே வழிதான் உண்டு: மருத்துவரின் அறிவுரைப்படி, சிறிது சிறிதாக, அந்த நாணுக்கு மீண்டும் பாரம் கொடுத்தல். முற்றிலும் அசையாமல் வைத்திருந்தால் இழைகள் திசை அறியாமலே தங்கிவிடும். முன்னதாகவே ஓடிவிட்டால் புது இழைகள் அறுந்துவிடும். குதிகால் நாண் முழுவதும் அறுந்தவருக்கு இவ்வேலை ஓராண்டுக்கு மேலும் தொடர்கிறது. அத்தகையவருக்கு முதலில் கொடுக்கப்படும் பயிற்சிகளுள் ஒன்று, சுவரைப் பிடித்துக்கொண்டு, இரு குதிகால்களையும் விளம்ப காலத்தில் உயர்த்தி இறக்குவதுதான்.